சிவப்பு மையில் 19

1850-களில் நியூயார்க்கிலிருந்து இங்கிலாந்துக்குப் போன ஒரு கடிதத்தைக் கையில் எடுத்தால், முகவரிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஓர் எண் இருக்கும். சிவப்பு மையில் 19 அல்லது 3. கறுப்பு மை என்றால் 5 அல்லது 21. ஸ்டாம்ப் சேகரிக்கும் பலர் இந்த எண்ணைக் கவனிப்பதே இல்லை. ஸ்டாம்ப் இருக்கிறதா, ஓரம் கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஸ்டாம்பே ஒட்டாத கவர் என்றால் தள்ளி வைத்துவிடுவார்கள். நான் கவர் வாங்குவதே அந்த எண்ணுக்காகத்தான்.

அந்த எண், அனுப்பியவர் கட்டிய காசும் இல்லை, பெறுபவர் கட்ட வேண்டிய காசும் இல்லை. இரண்டு நாட்டுத் தபால் துறைகளும் தங்களுக்குள் எழுதிக்கொண்ட வரவு செலவுக் கணக்கு. சிவப்பில் 19 என்றால், ‘இந்தக் கடிதத்துக்காக உங்களுக்கு நாங்கள் 19 செண்ட் தர வேண்டும்’ என்று அமெரிக்கத் தபால் துறை பிரிட்டிஷ் தபால் துறைக்குச் சொல்கிறது. கறுப்பில் 21 என்றால், ‘நீங்கள் எங்களுக்கு 21 செண்ட் தர வேண்டும்’. அக்கா தங்கைக்கு எழுதிய கடிதமானாலும் பருத்தி வியாபாரி எழுதியதானாலும் இந்தக் கணக்கு தனித்தனியாக அதன் முகத்திலேயே குத்தப்பட்டது. இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு வந்த பரவசம் இன்னும் குறையவில்லை.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பாய்மரக் கப்பல் காலத்தில் லிவர்பூலுக்குக் கடிதம் எழுதினால் அது எப்போது கிளம்பும் என்றே யாருக்கும் தெரியாது. சரக்கு நிறைய வேண்டும், காற்று ஒத்துவர வேண்டும், கேப்டனுக்கு மனசு வர வேண்டும். துறைமுகத்துக் காபிக் கடைகளில் கப்பல் பெயர் எழுதிய பை தொங்கும். கடிதத்தை அதில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். 1818 ஜனவரி 5 அன்று பிளாக் பால் லைன் கம்பெனியின் ‘ஜேம்ஸ் மன்றோ’ நியூயார்க்கிலிருந்து கிளம்பியது. அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் சொன்ன தேதியில் புறப்பட்டது. சரக்கு நிறைந்ததோ இல்லையோ, அறிவித்த நாளில் கிளம்புவோம் என்ற அந்த வாக்குத்தான் அட்லாண்டிக் தபாலின் முதல் பெரிய திருப்பம். நீராவியெல்லாம் அதற்கு அப்புறம்தான். மேற்கிலிருந்து கிழக்கே போவது சுலபம், காற்று பின்னாலிருந்து தள்ளும். மூன்று நான்கு வாரம். எதிர்த் திசையில் ஐந்து ஆறு வாரம்கூட ஆகும்.

அந்தக் காலத்துக் கடிதங்களுக்கு உறை கிடையாது. எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து ஒட்டி, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதுவார்கள். காரணம் சிக்கனம். தாள் எத்தனை என்று எண்ணித்தான் தபால் காசு வாங்கினார்கள். உறை போட்டால் அதுவும் ஒரு தாள்! அமெரிக்காவில் 1845-இல்தான் எடைக் கணக்குக்கு மாறினார்கள். அதனால் ஒரே தாளில் அத்தனை விஷயத்தையும் அடக்க, இடமிருந்து வலமாக எழுதி முடித்ததும் தாளைக் குறுக்கே திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே மறுபடி எழுதுவார்கள். பார்த்தால் வலை பின்னியதுபோல இருக்கும். தாளைச் சாய்த்துப் பிடித்துப் பொறுமையாகப் பார்த்தால் ஒரு திசை வரிகள் மட்டும் கண்ணுக்குப் பிடிபடும். அப்படிப் படிக்கப் பழகிவிட்டால் அதை விட முடியாது.

1838 ஏப்ரல் 22-ஆம் தேதி ‘சிரியஸ்’ என்ற சின்ன நீராவிக் கப்பல் நியூயார்க் சேர்ந்தது. மறுநாளே ‘கிரேட் வெஸ்டர்ன்’ வந்து நின்றது. சிரியஸ் அயர்லாந்தின் கார்க்கிலிருந்து 18 நாளில் வந்தது. கிரேட் வெஸ்டர்ன் பிரிஸ்டலிலிருந்து 15 நாளில். வாரக் கணக்கு நாள் கணக்காயிற்று. ஹாலிஃபாக்ஸ் நகரத்து வியாபாரி சாமுவேல் குனார்ட் பிரிட்டிஷ் அரசிடம் தபால் ஒப்பந்தம் பெற்றார். அவருடைய ‘பிரிட்டானியா’ 1840 ஜூலை 4 அன்று லிவர்பூலை விட்டு, ஹாலிஃபாக்ஸ் வழியாக 19-ஆம் தேதி பாஸ்டன் சேர்ந்தது. அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஒரு ஷில்லிங். அகேடியா, கலிடோனியா, கொலம்பியா என்று மற்ற மூன்று கப்பல்களும் சேர்ந்துகொள்ள, தேதி தவறாத தபால் ஓடத் தொடங்கியது.

பாஸ்டன்காரர்கள் இந்தக் கப்பலை எப்படிக் கொண்டாடினார்கள் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1844 பிப்ரவரியில் துறைமுகம் உறைந்துபோனது. பிரிட்டானியா உள்ளே மாட்டிக்கொண்டது. தபால் தாமதமானால் குனார்ட் நியூயார்க் பக்கம் போய்விடுவார் என்று வியாபாரிகளுக்குப் பயம். தங்கள் செலவில் ஆள் வைத்து, சுமார் 7 மைல் நீளத்துக்குப் பனிக்கட்டியை அறுத்து வாய்க்கால் வெட்டி, கப்பலைக் கடலுக்கு அனுப்பிவைத்தார்கள். கரையெல்லாம் கூட்டம். அந்தப் பயணத்தில் போன கடிதம் எதையாவது பார்த்தால் இதெல்லாம் ஞாபகம் வராமல் போகாது.

சண்டை வந்தது 1847-இல். அமெரிக்கா தனக்கென்று ஒரு தபால் கப்பலை இறக்கியது. பெயர் ‘வாஷிங்டன்’. ஜூன் 1 அன்று நியூயார்க்கிலிருந்து சவுதாம்ப்டன் வழியாக பிரேமனுக்குக் கிளம்பியது. பிரிட்டிஷ் தபால் துறைக்கு இது பிடிக்கவில்லை. அது போய்ச் சேர்வதற்குள்ளேயே ஓர் உத்தரவு போட்டுவிட்டார்கள்: வாஷிங்டன் கப்பலில் வந்த கடிதங்களுக்கும், பிரிட்டிஷ் கப்பல் சுமந்து வந்ததாகவே கணக்கு வைத்து, ஒரு ஷில்லிங் வசூலிக்க வேண்டும். கடல் கடக்க அமெரிக்காவில் ஏற்கெனவே காசு கட்டியாயிற்று. கடல் பக்கமே போகாத பிரிட்டிஷ் தபால் துறைக்கு இரண்டாவது முறை கட்ட வேண்டும். இது பச்சை அநியாயம். அமெரிக்கா ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1848 ஜூனில் தானும் ஒரு சட்டம் போட்டது. பிரிட்டிஷ் கப்பலில் வரும் போகும் கடிதங்களுக்கும் இங்கே 24 செண்ட் கட்டு என்றது. நாங்கள் பதிலடிக் கட்டணக் கவர் என்று சொல்வது இந்தக் காலத்துக் கடிதங்களைத்தான். ஏறத்தாழ ஆறு மாதம்தான் அமலில் இருந்தது. அந்த ஆறு மாதக் கவர்களைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். இரண்டு அரசாங்கங்கள் முறைத்துக்கொண்டதற்குப் பணம் கட்டியது, ஊர்விட்டுப் போன மகனுக்கு எழுதிய தாய்தகப்பன்தான் என்பது இந்தக் கவர்களில் அப்பட்டமாகத் தெரியும்.

1848 டிசம்பர் 15 அன்று லண்டனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த பிப்ரவரியிலிருந்து புதுக் கணக்கு. அரை அவுன்ஸுக்கு 24 செண்ட், அதாவது ஒரு ஷில்லிங். அதில் 5 செண்ட் அமெரிக்க உள்நாட்டுப் பங்கு, 3 செண்ட் பிரிட்டிஷ் உள்நாட்டுப் பங்கு, நடுவில் 16 செண்ட் கடலுக்கு. அந்த 16 யாருக்குப் போகும்? கப்பல் யாருடையதோ அவர்களுக்கு.

இப்போது முதலில் சொன்ன எண்களுக்கு வருவோம். நியூயார்க்கில் 24 செண்டும் கட்டி அனுப்பிய கடிதம் பிரிட்டிஷ் கப்பலில் போனால், அமெரிக்கா தன் 5-ஐ வைத்துக்கொண்டு பாக்கி 19-ஐ பிரிட்டனுக்கு வரவு வைக்கும். அதுதான் சிவப்பு 19. அமெரிக்கக் கப்பலில் போனால் பிரிட்டனுக்கு வெறும் 3. காசு கட்டாமல் அனுப்பினால், வாங்குபவரிடம் பிரிட்டன் ஒரு ஷில்லிங் வசூலிக்கும். அதிலிருந்து அமெரிக்காவுக்குச் சேர வேண்டியதைக் கறுப்பில் குறிப்பார்கள். பிரிட்டிஷ் கப்பல் என்றால் 5, அமெரிக்கக் கப்பல் என்றால் 21. இந்த நான்கு எண்ணும் மனப்பாடமாகிவிட்டால் ஓர் ஏலப் பட்டியலின் பாதிப் படங்களைச் சட்டென்று படித்துவிடலாம். எதிர்த் திசையில், இங்கிலாந்திலிருந்து வருவதற்கும் இதே எண்கள்தான், கொடுப்பவரும் வாங்குபவரும் இடம் மாறுவார்கள்.

என்னிடம் உள்ள இரண்டு கடிதங்களைச் சொல்கிறேன். இரண்டும் 1851. இரண்டும் பிலடெல்ஃபியாவிலிருந்து ஸ்காட்லாந்துக்கு, காசு கட்டாமல் அனுப்பியவை. ஒன்று பாஸ்டன் வழியாக பிரிட்டிஷ் கப்பலில் போனது. அதில் கறுப்பில் 5. இன்னொன்று நியூயார்க் வழியாக அமெரிக்கக் கப்பலில். அதில் கறுப்பில் 21. இரண்டிலும் நடுவே, பேனாவால் இழுத்துக் கிறுக்கியதுபோல ஒரு பெரிய கறுப்புக் கோடு. பழக்கமில்லாதவர்கள் மை சிந்திவிட்டது என்றே நினைப்பார்கள். அது பிரிட்டிஷ் தபால் நிலைய முத்திரை, ஒரு ஷில்லிங் வசூலி என்று தபால்காரருக்குச் சொல்வது. வாசலில் நின்று வாங்கியவர்களுக்கு இரண்டும் ஒரே விலை. அது ஏழைகளுக்கு எவ்வளவு பெரிய தொகை என்றால், அயர்லாந்தின் பஞ்ச காலத்துப் பொதுப்பணிகளில் ஓர் ஆளின் நாள் கூலியே 8, 10 பென்ஸ்தான். ஒரு ஷில்லிங் என்பது 12 பென்ஸ். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு அமெரிக்கா போன பிள்ளையிடமிருந்து காசு கட்டாத கடிதம் வந்தால், ஒரு நாள் உழைப்புக்கு மேல் கொடுத்துத்தான் அதைப் பிரிக்க முடியும்.

இதைவிட என்னை வருத்துவது இன்னொரு விதி. ஒப்பந்தப்படி முழுக் காசும் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே கட்டக் கூடாது. அரைகுறையாகக் கட்டினால் கட்டியது அத்தனையும் போச்சு. 24 செண்டுக்குப் பதில் 20 செண்டுக்கு ஸ்டாம்ப் ஒட்டினால், அந்த 20-ஐ அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் முழு ஷில்லிங்கும் வசூலிப்பார்கள். ஸ்டாம்ப் ஒட்டியும் கறுப்பில் வசூல் முத்திரை விழுந்த கவர்களைப் பார்க்கும்போது, கட்டணம் தெரியாத யாரோ ஒருவர் தன்னிடமிருந்ததை ஒட்டி அனுப்பியிருக்கிறார் என்பது புரியும். எடையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அரை அவுன்ஸுக்கு ஒரு கட்டணம், ஒரு அவுன்ஸ் வரை இரண்டு. அதைத் தாண்டினால் நேராக நான்கு. மூன்று மடங்கு என்பதே 1866 ஏப்ரல் வரை கிடையாது. 1850-களில் 72 செண்ட் ஒட்டி இங்கிலாந்துக்குப் போன கவர் என்று யாராவது நீட்டினால், வாங்குவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

அந்த 16 செண்ட் கடல் பங்குக்குப் பின்னால்தான் கப்பல் போட்டி முழுக்க இருக்கிறது. குனார்டை முறியடிக்க அமெரிக்கா எட்வர்ட் நைட் காலின்ஸ் என்பவருக்கு வருஷம் 3,85,000 டாலர் தபால் மானியம் கொடுத்தது. 1850 ஏப்ரலில் ‘அட்லாண்டிக்’ கிளம்பியது. பின்னாலேயே பசிஃபிக், ஆர்க்டிக், பால்டிக். அழகும் வேகமும் சேர்ந்த கப்பல்கள், குனார்டின் நேரத்தை முறியடித்தன. ஆனால் அந்த வேகத்துக்கு நிலக்கரியும் பழுது பார்ப்பும் மானியத்தை விழுங்கின. 1852-இல் மானியத்தை 8,58,000 டாலராக்கினார்கள்.

1854 செப்டம்பர் 27 அன்று, நியூஃபவுண்ட்லாந்துக்குப் பக்கத்தில் மூடுபனியில், ஆர்க்டிக் ‘வெஸ்டா’ என்ற பிரெஞ்சுக் கப்பலோடு மோதியது. முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பெண்கள், குழந்தைகள் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. காலின்ஸின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அதில்தான் இருந்தார்கள். 1856 ஜனவரியில் லிவர்பூலிலிருந்து கிளம்பிய பசிஃபிக் ஊர் போய்ச் சேரவே இல்லை. இரண்டு வருஷத்தில் கம்பெனி மூடப்பட்டது. ஆர்க்டிக்கின் கடைசிப் பயணத் தபால் கடலடியில். ஆனால் அதற்கு முந்தைய பயணங்களில் அது சுமந்த கடிதங்கள் கிடைக்கின்றன. இடது மேல் மூலையில் அனுப்பியவர் கையெழுத்தில் ‘ஆர்க்டிக் வழி’ என்ற குறிப்பு இருக்கும். அப்படி ஒன்றை வைத்திருக்கும்போது மனசு கனக்காமல் இருக்காது.

அந்த மூலைக் குறிப்பை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுப்புபவர் ஆசைப்பட்டு ஒரு கப்பல் பெயரை எழுதுவார். கடிதம் அதைத் தவறவிட்டு அடுத்ததில் போயிருக்கும். உறுதி செய்வதற்கு ஒரே வழி தேதி. வெளிநாட்டுத் தபாலைக் கையாண்ட அமெரிக்கப் பரிமாற்ற நிலையங்கள் பொதுவாகக் கப்பல் புறப்படும் நாளைத்தான் முத்திரையில் போட்டன. அந்தத் தேதியை, வால்டர் ஹப்பர்டும் ரிச்சர்ட் வின்டரும் சேர்ந்து 1988-இல் கொண்டுவந்த வட அட்லாண்டிக் தபால் கப்பல் அட்டவணையோடு ஒப்பிட்டால் கப்பல் பெயர், புறப்பாடு, சேர்ந்த நாள் எல்லாம் வந்துவிடும். கணக்கு வழிகளுக்கு ஜார்ஜ் ஹார்ஜெஸ்ட் 1971-இல் எழுதிய நூல். இந்த இரண்டையும் பக்கத்தில் வைக்காமல் நான் ஒரு கவரையும் எழுதி வைப்பதில்லை. ‘அமெரிக்கக் கப்பல்’ என்று முத்திரை சொல்வதும் எப்போதும் அமெரிக்கக் கொடி பறந்த கப்பல் இல்லை. காலின்ஸ் போன பிறகு பிரிட்டிஷ், ஜெர்மன் கம்பெனிக் கப்பல்களோடு அமெரிக்கத் தபால் துறை ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்தம் யாரோடு என்பதே கணக்கு. கொடி யாருடையது என்பது கணக்கில் வராது.

இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு வழிகாட்டியவர் சென்னையில் ஒரு பெரியவர். கண்காட்சி ஒன்றில் அவருடைய மேஜையில் நான் கவர்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார்: “தம்பி, முன்பக்கம் பார்த்துட்டு கீழ வெச்சிடாதீங்க. திருப்பிப் பாருங்க, பின்னாடிதான் போய்ச் சேர்ந்த தேதி இருக்கும்.” “ஸ்டாம்ப் இல்லாததெல்லாம் என்ன விலை சார்?” என்று கேட்டேன். “அதைத்தான் முதல்ல வாங்கணும். யாரும் கேக்க மாட்டாங்க, அதனால விலையும் இல்லை. ஆனா கதை பூரா அதுலதான் இருக்கு.” அது இன்றைக்கும் உண்மை. பேர்பெற்ற அபூர்வங்கள் லட்சக்கணக்கில் போகும். ஆனால் ஸ்டாம்ப் ஒட்டாத, முத்திரை தெளிவான சாதாரண அட்லாண்டிக் கடிதம் இன்னும் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது.

ஸ்டாம்ப் ஒட்டியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பிரிட்டனின் ஒரு ஷில்லிங் பச்சை. 1847 செப்டம்பரில் வந்தது, முக்கியமாக அமெரிக்கக் கடிதங்களுக்காக. எட்டு மூலை. நடுவில் விக்டோரியாவின் தலை வெள்ளையாக, மேடாக எழும்பி நிற்கும். விரலால் தடவினால் மூக்கும் கொண்டையும் தட்டுப்படும். கழுத்தடியில் அச்சு செதுக்கிய வில்லியம் வையனின் முதலெழுத்துகள் பொடியாக இருக்கும். தாள் முழுவதையும் ஒரே தடவையில் அச்சடிக்கவில்லை. ஒவ்வொன்றாக அழுத்தினார்கள். அதனால் வரிசை கோணலாகி, ஒன்றின் ஓரம் இன்னொன்றின் மேல் ஏறியிருக்கும். துளையும் கிடையாது, கத்தரித்துத்தான் ஒட்ட வேண்டும். ஆல்பத்தில் அழகாக இருக்கட்டும் என்று சேகரிப்பவர்கள் எட்டு மூலையாகவே வெட்டிவிட்டார்கள். சதுரமாக, நாலு பக்கமும் இடம் விட்டு, கடிதத்தின் மேலேயே ஒட்டியபடி ஒன்று கிடைத்தால் அது பாக்கியம்.

1863-க்குப் பிறகான சில கவர்களில் இன்னொரு விநோதம். உள்நாட்டுப் போரில் அமெரிக்கா அச்சடித்த காகித நோட்டுக்குத் தங்கத்தோடு ஒப்பிட்டால் மதிப்பு சரிந்துவிட்டது. ஆனால் பிரிட்டனுக்குக் கணக்கு தங்கத்தில்தான் தீர்க்க வேண்டும். அதனால் காசு கட்டாமல் வரும் கடிதத்தின் முத்திரையிலேயே இரண்டு விலை போட்டார்கள்: நாணயத்தில் கட்டினால் இவ்வளவு, நோட்டில் கட்டினால் இவ்வளவு. 1864 கோடையில் 24 செண்ட் கடிதத்துக்கு நோட்டில் 60 செண்டுக்கும் மேல் ஆகியிருக்கும். அன்றைய தங்கச் சந்தை நிலவரம் ஒரு சாதாரணக் கடிதத்தின் மேல் எழுதியிருக்கிறது! பொருளாதாரம் படிப்பவர்கள் இந்தக் கவர்களைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இத்தனை விலை கூடாது என்று அந்தக் காலத்திலேயே போராடிய ஒருவர் இருந்தார். எலிஹு பர்ரிட். கனெக்டிகட்டில் கொல்லுப்பட்டறையில் வேலை செய்துகொண்டே பல மொழிகள் கற்றவர். கடல் கடக்கும் பங்கு ஒரு பென்னிக்கு மேல் இருக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் ஊர் ஊராகப் பேசினார். அதற்காகவே படம் போட்ட உறைகள் அச்சாகின, கப்பல் படத்தோடு. அந்த உறையில் வைத்து மக்கள் சாதாரணக் கடிதம் அனுப்பினார்கள். கடிதமே கோரிக்கையாயிற்று. அவர் கேட்டது கிடைக்க வருஷங்கள் பிடித்தன. 1868-இல் 24 செண்ட் பாதியாகி 12 ஆயிற்று. 1870-இல் 6.

நம் ஊரோடு இந்தக் கதைக்கு ஒரு நிஜமான தொடர்பு உண்டு. அமெரிக்க ஸ்டாம்புகளில் 1869-இல் வந்த 90 செண்ட் லிங்கன், கடிதத்தில் ஒட்டிய நிலையில் அறியப்பட்டது ஒன்றே ஒன்றுதான். 1873 ஆகஸ்டில் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் போனது. முகவரி: பான்கிராஃப்ட், ஐஸ் ஹவுஸ், கல்கத்தா. நியூ இங்கிலாந்துக் குளங்களில் அறுத்த பனிக்கட்டியைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிய டியூடர் கம்பெனியின் ஐஸ் ஹவுஸ்தான் அது. அதே கம்பெனி சென்னையில் கட்டியதுதான் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ். பனிக்கட்டி நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பாய்மரக் கப்பலில், சுமார் நான்கு மாதத்தில் வரும். கடிதம் அட்லாண்டிக்கைத் தாண்டி, இத்தாலியின் பிரிண்டிசி போய், சூயஸ் வழியாக அதைவிட வெகு வேகமாக வந்துவிடும். கட்டணம் அரை அவுன்ஸுக்கு 28 செண்ட், நான்கு மடங்கு, ஆக 1 டாலர் 12 செண்ட். 90-ஓடு ஒரு 12-ம் ஒரு 10-ம் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். 1967-இல் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு சேகரிப்பாளர் வீட்டிலிருந்து அது திருடு போனது. கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கழித்து, 2006-இல் சிகாகோவில் வெளியே வந்தது. ஐஸ் ஹவுஸ் பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் கவர்தான் நினைவில் வரும்.

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டாம்ப் ஒட்டாத கடிதம் மலிவு, ஒட்டியது விலை கூடுதல். அதனால் பழைய ஸ்டாம்பை எங்கிருந்தோ எடுத்து, ஒட்டாத கடிதத்தில் ஒட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டாம்பை மட்டும் பார்க்கத் தெரிந்தவர் ஏமாந்து போவார். கணக்குத் தெரிந்தவரிடம் நடக்காது. ஒட்டிய தொகை கட்டணத்தோடு ஒத்துப்போகிறதா? காசு கட்டியது என்றால் கறுப்பில் ஒரு ஷில்லிங் வசூல் முத்திரை ஏன் வந்தது? ஸ்டாம்பின் மேலுள்ள முத்திரை காகிதத்திலும் தொடர்ந்து பதிந்திருக்கிறதா? இதையெல்லாம் கேட்ட பிறகும் சந்தேகம் இருந்தால், பெரிய தொகை கொடுப்பதற்கு முன் நியூயார்க்கின் ஃபிலாடெலிக் ஃபவுண்டேஷன் போன்ற இடத்தில் சான்றிதழ் கேளுங்கள். சான்றிதழ் தர மறுக்கும் டீலரிடம் வாங்காதீர்கள்.

1874 அக்டோபர் 9 அன்று பெர்னில் பொதுத் தபால் ஒன்றியத்துக்கான ஒப்பந்தம் ஆனது. 1875 ஜூலை 1 முதல் அமல். அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு 5 செண்ட். வசூலித்த நாடே வசூலை வைத்துக்கொள்ளும், பங்கு பிரிக்கும் வேலையே இல்லை. சிவப்பு 19-உம் கறுப்பு 21-உம் 24 செண்ட் கட்டணத்தோடு 1868-லேயே போய்விட்டிருந்தன; இரு நாடுகளும் பங்கு பிரித்துக்கொண்ட கதை இதோடு முடிந்தது. மக்களுக்கு அது பெரிய விடுதலை, சந்தேகமே இல்லை. என் சேகரிப்பும் அந்தத் தேதியோடு நின்றுவிடுகிறது.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அட்லாண்டிக் கடிதம் உங்கள் வீட்டில் இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் தாத்தா எழுதிய கடிதங்கள் செட்டிநாட்டிலும் தஞ்சாவூரிலும் பரணில் எத்தனையோ கிடக்கின்றன. அவற்றை எடுத்தால் பிள்ளைகளின் ஆல்பத்துக்காக ஸ்டாம்பை வெட்டாதீர்கள், தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். உறையையும் உள்ளிருக்கும் தாளையும் பிரிக்காமல், செல்லோடேப் ஒட்டாமல், வெயில் படாத இடத்தில் முழுசாக வையுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்பினால், எந்த வழியாக வந்தது, எவ்வளவு கட்டினார்கள் என்று என்னால் முடிந்தவரை படித்துச் சொல்கிறேன்.